முடக்கத்தை எதை வைத்துத் தளர்த்துவது: யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் முறை எது?

ஒரு பெருந்தொற்றின்போது ஊரை மூடும் முடிவு பெரும்பாலும் ஒரே இரவில் எடுக்கப்படுகிறது. யோசிக்க நேரமும் இருப்பதில்லை, தெரிவுகளும் அதிகம் இருப்பதில்லை. திறக்கும் முடிவு அப்படியானதல்ல. எந்த அளவுகோலைப் பார்த்துத் திறப்பது, மாவட்டத்தை ஒரே அலகாகக் கொள்வதா பிரிவு பிரிவாகக் கொள்வதா, சந்தை முதலிலா பள்ளிக்கூடம் முதலிலா என்பவற்றை நோய் இல்லாத காலத்திலேயே ஆறுதலாக இருந்து எழுதி வைக்கலாம். கொவிட் காலத்தில் அப்படி எழுதிய திட்டம் எதுவும் யாழ்ப்பாணத்து மக்களின் கையில் இருக்கவில்லை. அடுத்த தொற்று வரும்போது களத்தில் நிற்கப்போகிறவர்கள் ஆண்டுதோறும் டெங்கையும், 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சலையும் எதிர்கொண்ட அதே சுகாதார வைத்திய அதிகாரிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், கிராம அலுவலர்கள்தாம். ஆகவே எந்த முறையைத் தெரிவு செய்தாலும், இவர்களால் நடைமுறைப்படுத்தக்கூடியதாகவும், தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும்.

இலங்கை அரசு 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெரும்பாலும் நாடு முழுவதற்குமான அறிவிப்புகளால் இயங்கியது. அதே காலத்தில் தமிழ்நாடு, கேரளம், கனடாவின் ஒன்ராறியோ, அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா ஆகியவற்றின் மாநில, மாகாண அரசுகள் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு வெவ்வேறு வழிகளைக் கையாண்டன. இந்த நான்கு இடங்களுடனும் யாழ்ப்பாணத்துக்கு உறவும் போக்குவரத்தும் இருப்பதால் அங்கு நடந்தவை எங்களுக்குத் தொலைதூரச் செய்திகளாக இருக்கவில்லை. அந்த வழிகளை எங்கள் குடாநாட்டின் நிலத்திலும் சனத்தொகையிலும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பிடுவதற்கு முன்னர், எதைச் சாதிப்பதற்காகத் தளர்த்துகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வைத்தியசாலையில் கட்டிலும் ஒட்சிசனும் தீர்ந்துபோகக் கூடாது. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது. பிள்ளைகளின் படிப்பு ஆண்டுக்கணக்கில் தடைப்படக் கூடாது. இவை ஒன்றோடொன்று மோதும் நோக்கங்கள் என்பதால், ஒன்றை மட்டும் அளந்து முடிவெடுக்கும் எந்த முறையும் மற்ற இரண்டையும் கைவிட்டுவிடும். இவற்றுடன் நோயின் இயல்பு சார்ந்த ஒரு விடயத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கொவிட் தொற்றியவருக்கு ஏறத்தாழ ஐந்து நாள்களின் பின்னரே அறிகுறி தோன்றியது; வைத்தியசாலைக்குப் போகும் நிலை வருவதற்கு மேலும் ஒரு வாரம் வரை சென்றது; மரணங்கள் அதற்கும் பின்னரே நிகழ்ந்தன. இன்று திறந்த கதவின் விளைவு இரண்டு மூன்று வாரங்களின் பின்னரே கண்ணுக்குத் தெரியும். பின்வரும் முறைகளுள் எது இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்தது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

திகதி குறித்து, நாடு முழுவதையும் ஒன்றாகத் திறப்பது

யாழ்ப்பாணத்துக்கு மிகப் பழக்கமான முறை இது. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. மார்ச் 22இல் தாவடியில் மாவட்டத்தின் முதலாவது தொற்றாளர் இனங்காணப்பட்டார். அதன் பின்னர், கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அபாயம் கூடிய ஆறு மாவட்டங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டு, ஏனைய மாவட்டங்களில் சில மணி நேரத் தளர்வு கிடைத்த நாள்களிலும் இங்கு ஊரடங்கு தொடர்ந்தது. ஊரடங்கு முற்றாக நீக்கப்பட்டது 2020 ஜூன் 28இல். அடுத்த ஆண்டு மே 21இல் தொடங்கிய பயணத்தடை ஜூன் 21 வரை நீண்டது. ஓகஸ்ட் 20இல் தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை 4 மணிக்கே நீங்கியது.

இம்முறையின் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் விளங்கிக்கொள்வது எளிது. ஒரு பிரிவில் மூடிய கடைக்குப் பதிலாகப் பக்கத்துப் பிரிவில் திறந்த கடைக்குச் செல்லும் ஓட்டமும் இருக்காது. ஆனால் திகதியை வைத்து இயங்கும் முறையில் அந்தத் திகதியை நம்ப முடிய வேண்டும். 2021 ஓகஸ்டில் முதலில் அறிவிக்கப்பட்டது 30ஆம் திகதி வரையான ஊரடங்கு. அது வாரம் வாரமாக நீடிக்கப்பட்டு ஒக்டோபர் வரை சென்றது. எந்த எண் எந்த அளவுக்கு இறங்கினால் திறக்கப்படும் என்று முன்கூட்டியே கூறப்படவில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுவதற்கு ஆள் பிடிக்க வேண்டியவருக்கும், பீற்றூட்டைக் கொழும்பு லொறிக்கு ஏற்ற வேண்டியவருக்கும் ஒரு வாரம் என்பது விளைச்சலுக்கும் அழுகலுக்கும் இடைப்பட்ட காலம். திகதி தள்ளிப்போகும் என்று ஊகிக்கக்கூட அவர்களிடம் எந்தத் தகவலும் இருக்கவில்லை என்பதே இம்முறையின் மீதான எனது முதன்மையான குறை.

இரண்டாவது குறை, எதை முதலில் திறப்பது என்பதில் ஒழுங்கு இல்லாமை. 2021 செப்டெம்பர் 17இல், ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோதே, மதுபானக் கடைகள் திறக்கப்பட்டு வரிசைகள் நீண்டன. ஆரம்பப் பள்ளிகளின் முதற் கட்டமோ, அதுவும் 200 மாணவர்களுக்குக் குறைந்தவை மட்டும், ஒக்டோபர் 21இல்தான் திறந்தது. எழுதி வைத்த வரிசை ஒன்று இருந்திருந்தால் இவ்விரண்டு நாள்களும் இந்த ஒழுங்கில் வந்திருக்க முடியாது.

மாவட்டங்களைத் தரம் பிரித்துத் திறப்பது

தமிழ்நாடு 2021 மே 10இல் முழு ஊரடங்குக்குப் போய், மே 24 முதல் அதை மேலும் இறுக்கியது. ஜூனில் தளர்த்தத் தொடங்கியபோது மாவட்டங்களைப் பிரித்தது. ஜூன் 21 முதல் மூன்று வகைகள் இருந்தன: கோயம்புத்தூர், திருப்பூர், சேலம், தஞ்சாவூர் முதலான 11 மாவட்டங்கள் தொற்று அதிகமுள்ள முதல் வகை, 23 மாவட்டங்கள் இரண்டாம் வகை, சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கும் மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் பஸ் ஓடத் தொடங்கிய நாளில் முதல் வகையில் அத்தியாவசியக் கடைகள் உள்ளிட்ட சிலவற்றுக்கே அனுமதி இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டாம் வகை மாவட்டங்களுக்கும் பஸ் சேவை விரிந்தது. ஜூலை 5 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே விதி என்றாகி, வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. இரண்டு வார இடைவெளியில் மூன்று தரங்களும் ஒன்றாகிவிட்டன. விரைவு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் எந்த மாவட்டம் ஏன் பின்தங்கி நிற்கிறது என்பதை மக்கள் அறிந்திருந்தார்கள், அடுத்த அறிவிப்பு வரும் நாளையும் அறிந்திருந்தார்கள்.

இந்த முறையை அப்படியே இங்கு கொண்டுவர முடியாமைக்கு முதற் காரணம் அளவு. கோயம்புத்தூர் என்ற ஒரு மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 34 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். எங்கள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் சேர்த்தால்கூட 2012 கணக்கெடுப்பில் 10 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சம். யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் வெவ்வேறு தரத்தில் வைத்தால், ஆனையிறவைத் தாண்டி நாளும் வேலைக்கும் வயலுக்கும் வைத்தியசாலைக்கும் போய்வருவோரை என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும்.

இந்தக் கேள்விக்கு ஒன்ராறியோ தந்த பாடத்தை எங்களிற் பலர் உறவினர் வாயாலேயே கேட்டிருப்போம். அம்மாகாணம் 2020 நவம்பரில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று நிறங்களால் பொதுச் சுகாதாரப் பிரிவுகளைத் தரம் பிரித்தது. நவம்பர் 23இல் ரொறன்ரோ சாம்பல் நிறத்துக்கு, அதாவது முடக்கத்துக்குச் சென்றது. அதற்கு வடக்கே அடுத்திருந்த யோர்க் பிராந்தியம் சிவப்பிலேயே நின்றது. இரண்டுக்கும் இடையிலான எல்லை ஸ்டீல்ஸ் அவெனியூ என்ற ஒரு வீதி. அந்த வீதியின் தெற்கே தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ, வடக்கே அதேபோன்ற மார்க்கம். தெற்குப் பக்கத்தில் உடுப்புக் கடைக்குள் வாடிக்கையாளர் கால் வைக்க முடியாது. வீதியைக் கடந்தால் கடைகளும் பெரிய அங்காடிகளும் திறந்திருக்கும். நத்தார் நெருங்கிய வாரங்களில் சனம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. டிசெம்பர் 14இல் யோர்க் பிராந்தியமும் சாம்பலுக்கு மாறியது. டிசெம்பர் 26இல் மாகாணம் முழுவதும் மூடப்பட்டது. தொற்று எங்கே அதிகம் என்று பார்த்துக் கோடு கீறினார்கள். மக்கள் எங்கே போய்வருகிறார்கள் என்று பார்த்துக் கீறியிருந்தால் அந்தக் கோடு ஸ்டீல்ஸ் அவெனியூவில் விழுந்திருக்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பிரதேச எல்லைகள் பெரும்பாலும் ஸ்டீல்ஸ் அவெனியூவைப் போன்றவை. நல்லூர், கோப்பாய், உடுவில், சண்டிலிப்பாய் என்ற பெயர்கள் நிருவாகத்தில் வெவ்வேறு. மக்களின் நடமாட்டத்தில் அவை ஒன்று.

சிறிய அலகாகப் பிரித்துத் திறப்பது

மாவட்டம் பெரிதென்றால் அதைவிடச் சிறிதாகப் பிரிக்கலாமே என்ற வாதம் கேரளத்தில் முழுமையாகப் பரீட்சிக்கப்பட்டது. 2021 ஜூன் நடுப்பகுதியிலிருந்து கேரள அரசு தனது உள்ளூராட்சி அமைப்புகள் ஒவ்வொன்றையும், செய்யப்பட்ட பரிசோதனைகளில் எத்தனை வீதம் தொற்று உறுதியாகிறது என்பதைக் கொண்டு நான்கு வகைகளாகப் பிரித்தது. தொடக்கத்தில் 8 வீதத்துக்குக் குறைந்தவை முதல் வகை, 30 வீதத்துக்கு மேற்பட்டவை கடைசி வகை. இந்த எல்லைகள் படிப்படியாகக் கீழே கொண்டுவரப்பட்டு, ஜூலையில் 5, 10, 15 வீதங்களாயின.

அதன் சிக்கல் அளவுகோலில் இருந்தது. உறுதியாகும் வீதம் என்பது யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காய்ச்சல் உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தால் வீதம் உயரும்; சுகமாக நடமாடுபவர்களைக் கூட்டமாகப் பரிசோதித்தால் தாழும். ஒரு ஊராட்சியின் கடைகள் திறப்பதும் மூடுவதும் இந்த எண்ணில் தங்கியிருந்தபோது, அந்த எண்ணை நோயின் அளவாகக் கொள்ள முடியாமற் போனது. 2021 ஜூலையில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வியாபாரிகள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பக்ரீத்தை முன்னிட்டு மூன்று நாள்கள் தளர்வு வழங்கப்பட்டது. தொற்று மிக அதிகமாக இருந்த கடைசி வகைப் பகுதிகளிலும் ஒரு நாள் கடைகள் திறக்க அனுமதிக்கப்பட்டதை இந்திய உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. ஓகஸ்டில் அரசு அந்த அளவுகோலைக் கைவிட்டு, ஒரு வாரத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் தொற்றாளர் என்ற கணக்குக்கு மாறியது. பத்துக்கு மேற்பட்ட இடங்கள் கடுமையாக மூடப்பட்டன.

இவ்வளவு குழப்பத்துக்கும் மத்தியில் கேரளத்தின் பக்கமும் ஓர் உண்மை உண்டு. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய குருதி ஆய்வில், நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் நோயெதிர்ப்பு உடல்கள் காணப்பட்டபோது, கேரளத்தில் அது 44 வீதமாக மட்டுமே இருந்தது. ஆய்வு நடந்த மாநிலங்களுள் அதுவே மிகக் குறைவு. தடுப்பூசி வந்து சேரும் வரை பெரும்பான்மையான மக்களை நோய் எட்டாமல் வைத்திருந்தார்கள் என்பதே அதன் பொருள். எல்லா ரேசன் அட்டைகளுக்கும் உணவுப் பொதி கொடுத்த அரசினால் அந்தப் பொறுமையை மக்களிடம் கேட்க முடிந்தது.

இலங்கை கேரளத்தைவிடவும் சிறிய அலகுக்குச் சென்றது. நாடு தழுவிய முடக்கம் இல்லாத காலங்களில் கிராம அலுவலர் பிரிவுகள் தனித்தனியே முடக்கப்பட்டு விடுவிக்கப்பட்டன. இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு அவசியமாகிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஆறு இலட்சம் மக்களைப் பங்கிட்டால் ஒரு பிரதேச செயலர் பிரிவுக்குச் சராசரியாக 40,000 பேர், ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு 1,400 பேர் வருவார்கள். கேரளத்தின் பிந்திய அளவுகோலான ஆயிரத்துக்குப் பத்து என்பதைப் பிரதேச செயலர் பிரிவில் வைத்தால் வாரத்துக்கு 400 தொற்றாளர். அது ஊரில் நோய் பரவிவிட்டது என்பதற்கான உண்மையான அடையாளம். அதையே கிராம அலுவலர் பிரிவில் வைத்தால் 14 பேர். ஒரு கலியாண வீட்டில் பந்தியிலிருந்த இரண்டு குடும்பங்கள் போதும் அந்த எண்ணைத் தாண்டுவதற்கு. அவ்வளவு சிறிய அலகில் வீதங்களைக் கணித்துத் தரம் பிரிப்பதற்குப் புள்ளிவிபரம் இடங்கொடாது.

நிலமும் இடங்கொடாது. ஓர் ஒழுங்கையின் கிழக்குப் பக்க வேலி ஒரு பிரிவு, மேற்குப் பக்க வேலி இன்னொரு பிரிவு. கயிறு கட்டி மூடிய பக்கத்திலிருந்து பலசரக்குக் கடை மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். கோவில், கிணறு, தோட்டம், தாய் வீடு எல்லாம் கோட்டுக்கு இரு புறமும் பரந்து கிடக்கின்றன. 2020 டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையில் எழுமாற்றாகச் செய்த பிசிஆர் பரிசோதனையில் தொற்று வெளிப்பட்டு, அது ஒரு பெரிய கொத்தணியாக, அதாவது ஒன்றோடொன்று தொடர்புடைய தொற்றாளர் கூட்டமாக, விரிந்தது. உடுவில் பிரதேசம் மூடப்பட்டது. ஆனால் அந்தச் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருபவர்கள் தெல்லிப்பழையிலிருந்தும் சண்டிலிப்பாயிலிருந்தும் சங்கானையிலிருந்தும் கோப்பாயிலிருந்தும் வருபவர்கள். சந்தை நிற்கும் பிரிவைத் தனியே மூடி, மரக்கறி வரும் பிரிவுகளைத் திறந்து வைத்திருப்பதால் எத்தனை நாள் நோயைத் தடுத்து வைக்க முடியும்?

ஆகவே சிறிய அலகை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் வேறுபாடு காண வேண்டும். ஒரு கொத்தணி தொடங்கிய முதல் நாள்களில், தொடர்பில் இருந்தவர்கள் யார் யார் என்று பரிசோதகருக்குத் தெரியும் நிலையில், சில ஒழுங்கைகளை இரண்டு வாரம் மூடுவது பயனுள்ளது. உணவுப் பொதியை வீட்டு வாசலில் சேர்க்கவும் முடியும். 2020 ஒக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொட மீன் சந்தைத் தொடர்பு குருநகர், பாசையூர்க் கரையோரத்தை எட்டியபோது நடந்த முடக்கத்தை அந்த வகையில் நியாயப்படுத்தலாம். நோய் மாவட்டம் முழுவதும் பரவிய பின்னர் எதை, எப்போது திறப்பது என்று தீர்மானிப்பதற்குக் கிராம அலுவலர் பிரிவு ஏற்ற அலகல்ல.

நிபந்தனையை முன்கூட்டியே அறிவித்துப் படிப்படியாகத் திறப்பது

2020 செப்டெம்பர் 6இல் விக்ரோறியா அரசு ஒரு பாதைத் திட்டத்தை வெளியிட்டது. மெல்பேர்ண் மக்கள் வீட்டோடு அடைந்திருந்த காலம் அது. ஒவ்வொரு படியிலும் எது திறக்கும் என்பதும், அந்தப் படிக்குச் செல்ல 14 நாள் சராசரித் தொற்று எவ்வளவுக்குக் குறைய வேண்டும் என்பதும் அதில் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது படிக்கு நாளொன்றுக்கு ஐந்துக்குக் குறைவு என்பது நிபந்தனை. ஒக்டோபர் 25இல் அறிவிப்பு எதிர்பார்க்கப்பட்ட வேளையில், நகரின் வடக்குப் புறநகர்க் கொத்தணி ஒன்றின் பரிசோதனை முடிவுகள் வந்து சேரவில்லை என்பதற்காக முதல்வர் டானியல் அன்ட்ரூஸ் ஒரு நாள் பொறுத்தார். மறுநாள் புதிய தொற்று பூச்சியம். 27ஆம் திகதி நள்ளிரவோடு கடைகளும் உணவகங்களும் திறந்தன. எழுதிய நிபந்தனையும் மனித நிதானமும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஒரு நாள் தாமதம் நல்ல சான்று. அது ஏன் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. எவ்வளவு நேரத்துக்கு என்றும் சொல்லப்பட்டது.

அடுத்த ஆண்டு டெல்ரா என்ற வேகமாகப் பரவும் கொவிட் திரிபு வந்த பின்னர் தொற்றைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர முடியாதென்று கண்டு, அதே அரசு தடுப்பூசி வீதத்துக்கு மாறியது. 16 வயதுக்கு மேற்பட்டோரில் 70 வீதம் இரண்டு ஊசிகளும் பெற்றதும் ஒக்டோபர் 21 இரவு முடக்கம் நீங்கியது. 80 வீதத்தில் அடுத்த படி. நியூ சவுத் வேல்ஸ் அதே 70 வீதத்தில் ஒக்டோபர் 11இல் திறந்தது. ஒன்ராறியோவும் நிறங்களைக் கைவிட்டு 2021 ஜூனில் மூன்று படிகளுக்கு வந்தது: வளர்ந்தோரில் 60 வீதம் ஓர் ஊசி பெற்றதும் முதற் படி, 70 வீதம் ஓர் ஊசியும் 20 வீதம் இரண்டும் பெற்றதும் இரண்டாவது. ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது 21 நாள்கள் என்று வகுத்தார்கள். நடைமுறையில் அந்த இடைவெளி சில நாள்கள் சுருங்கினாலும், திறந்ததன் விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் திறப்பது என்ற எண்ணம் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. நான் முதலில் குறிப்பிட்ட தாமதத்தை எழுத்திலேயே மதித்த திட்டம் இது.

தடுப்பூசி வீதத்தை யாழ்ப்பாணத்தில் அளவுகோலாகக் கொள்வதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, ஊசி எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது யாழ்ப்பாணத்தின் கையில் இல்லை. இங்கு பொதுமக்களுக்கான ஊசி ஏற்றல் 2021 மே மாத இறுதியில்தான் சினோபாம் கொண்டு தொடங்கியது. வேறெங்கோ தீர்மானிக்கப்படும் ஒதுக்கீட்டைக் காட்டி ஊரை மூடி வைத்திருப்பது நியாயமாகாது. இரண்டாவது, மொத்த வீதம் ஆபத்தை மறைக்கும். இலங்கையில் டெல்ரா அலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், இளைஞர்களால் எட்டப்பட்ட 70 வீதம் பாதுகாப்பைக் குறிக்காது. ஊசியை அளவாகக் கொள்வதென்றால் 60 வயதுக்கு மேற்பட்டோரில் எத்தனை வீதம் என்றே கேட்க வேண்டும். அந்தப் பெயர்ப்பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிராம அலுவலரிடமும் இருக்கக்கூடியதே.

அவுஸ்திரேலியாவைப் பார்த்துப் பொறுமையை மட்டும் படிக்கக் கூடாது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அங்கு 2021இல் வேலை நேரம் இழந்தவருக்கு வாரத்துக்கு 750 டொலர் வரை கொடுப்பனவு கிடைத்தது. தமிழ்நாடு ரேசன் அட்டை ஒன்றுக்கு இரு தவணைகளில் 4,000 இந்திய ரூபாய் கொடுத்தது. இலங்கையில் 2020 ஏப்ரலில் 5,000 ரூபாயும், 2021 ஓகஸ்டில் 2,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 2,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு மேசன் தொழிலாளியின் குடும்பம் ஆறு வார ஊரடங்கைக் கடக்க முடியாது. கொடுப்பனவு எவ்வளவு குறைவோ அவ்வளவு விரைவாகத் திறக்க வேண்டிய நெருக்குதல் இருக்கும் என்பதைத் திட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனது தெரிவு

படிகளையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே எழுதி வெளியிடும் விக்ரோறியா முறையையே நான் தெரிவு செய்வேன். ஆனால் அதன் அலகையும் அளவுகோலையும் மாற்றி.

அலகு, வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி மூன்றும் சேர்ந்த குடாநாடு முழுவதுமாக இருக்க வேண்டும். இவற்றுக்கிடையே கோடு கீறுவது பயனற்றது. தீவுகளுக்கு மட்டும் தனி ஒழுங்கு வேண்டும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறை ஒன்றே வாசல் என்பதால், அங்கு வருவோரைப் பரிசோதித்துக்கொண்டு தீவுக்குள் பள்ளியையும் தொழிலையும் முன்கூட்டியே திறந்துவிடலாம். கடும் நோயாளியைப் படகேற்றிக் கொண்டுவர வேண்டிய இடம் என்பதால் யாத்திரிகர் வருகை மட்டும் அங்கு கடைசிப் படியில் இருக்க வேண்டும்.

அளவுகோல், யாழ். போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலும் புதிதாக அனுமதிக்கப்படுவோர் தொகையும், ஒட்சிசன் தேவைப்படுவோர் தொகையும். பரிசோதனை கூடினாலும் குறைந்தாலும் இந்த எண்கள் அதிகம் ஏமாற்றுவதில்லை. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் நோய் ஏறினாலும் அங்குள்ள கடும் நோயாளிகள் யாழ்ப்பாணத்துக்கே அனுப்பப்படுவார்கள் என்பதால், கணக்கை மாகாணம் முழுவதற்குமாக எடுக்க வேண்டும். வைத்தியசாலை அனுமதி பிந்தியே உயரும் என்ற எதிர்வாதம் சரியானது. அதற்காகத்தான் படிகளுக்கு இடையே மூன்று வாரமும், சந்தைகளிலும் பஸ் நிலையத்திலும் வாரந்தோறும் எழுமாற்றுப் பிசிஆரும் வேண்டும் என்கிறேன். யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடம் 2020 ஏப்ரலிலேயே அந்தப் பரிசோதனையைத் தொடங்கிய இடம். மருதனார்மடத்தில் நோயை வெளிக்கொணர்ந்ததும் எழுமாற்றுப் பரிசோதனைதான்.

வரிசையில் முதலில் வர வேண்டியவை திறந்த வெளித் தொழில்கள். கடலுக்குப் போவதையும் தோட்டம் செய்வதையும் எந்தப் படியிலும் நிறுத்தத் தேவையில்லை. நோய் பரவும் இடம் கடலல்ல. மீனை ஏலம் கூறும் கரையும், கொழும்புக்குப் போய் வரும் கூலர் வாகனத்தின் சாரதி இருக்கையுமே கவனிக்கப்பட வேண்டியவை. சந்தைகளை மூடுவதற்குப் பதிலாக மைதானங்களுக்கும் வீதியோர வெளிகளுக்கும் பிரித்து, வியாபாரிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் அவர்களுக்கு இடையேயான தூரத்தைக் கூட்ட வேண்டும். தேசிய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை வைத்து ஆள்களை வெளியே விடும் முறை காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு கடையின் முன்னால் நிற்கும் வரிசையை அது பாதியாக்கியிருக்கலாம், ஆனால் வீட்டில் ஒருவரே வெளியே செல்லக்கூடியவராக இருந்த குடும்பத்தை அது தண்டித்தது. அதை மீண்டும் கொண்டுவரக் கூடாது.

பள்ளிக்கூடம் இரண்டாவது படியில், உடுப்புக் கடைகளோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும் நடந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதற்கும் சிக்னல் பிடிக்க வளவுக்கு வெளியே போக வேண்டும் என்றிருந்த வீடுகளில் அந்தக் காலம் முழுவதும் படிப்பு நடக்கவேயில்லை என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. கிராமத்துச் சிறு பள்ளிகள் முதலில், நகரத்துப் பெரிய பாடசாலைகள் மாறி மாறி வரும் வகுப்புகளோடு அடுத்ததாக, தனியார் கல்வி நிலையங்கள் அதற்கும் பின்னர் என்பது சரியான ஒழுங்கு. ஒரே மண்டபத்தில் பல பள்ளிகளின் மாணவர் நெருங்கியிருக்கும் இடம் கல்வி நிலையமே.

கலியாண மண்டபங்களும் பெருந்திருவிழாக்களும் கடைசி. இதைச் சொல்வது எளிதல்ல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சுழற்சியில் என்ன இடம் வகிக்கின்றன என்பதை அறிந்தே சொல்கிறேன். 2020இலும் 2021இலும் பூசைகள் தடையின்றி நடக்க, அடியார் தொகை மட்டுப்படுத்தப்பட்டது. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நிரூபணமாயிற்று. அதை எல்லாக் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஒரே எண்ணாக, முன்கூட்டியே அறிவித்தால், ஒவ்வொரு திருவிழாவின்போதும் அனுமதிக்காக அலைய வேண்டியிராது, வருத்தமும் குறையும்.

இவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் மிஞ்சும் தடை. மேலே சொன்ன நான்கு இடங்களிலும் மக்கள் தெரிவு செய்த மாநில அல்லது மாகாண அரசு தானே வரைந்து, தானே அறிவித்தது. சுகாதாரம் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம் எனினும், முடக்குவதும் விடுவிப்பதும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலிருந்தே வழிநடத்தப்பட்டன. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், கொவிட் காலம் முழுவதும் இங்கு மக்கள் பிரதிநிதிகளின் சபை ஒன்று இருக்கவில்லை. சட்டம் மாறும் வரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாகாண சுகாதாரத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் மருத்துவபீடமும் சேர்ந்து படிகளையும் எண்களையும் கொண்ட வரைவு ஒன்றைத் தயாரித்து, வணிகர் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், அதிபர்கள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியோரிடம் கருத்துக் கேட்டு, சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் முன்னனுமதியைப் பெற்று வைக்கலாம். தொற்று வரும் நாளில் நிரப்ப வேண்டியது திகதிக்குரிய இடமாக மட்டும் இருக்க வேண்டும்.